பொத்தானக்காவின் தெரு

யாருடன் பேசினாலும் பொத்தானக்காவின் வலது கை சும்மா இருக்காது. எதிரில் நிற்பவரின் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தானைத் தேடிப் போகும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதைப் பிடித்து அரைச்சுற்றுத் திருப்பி, சன்னமாக ஓர் இழுப்பு இழுத்துப் பார்க்கும். உறுதியாக இருந்தால் அடுத்த பொத்தானுக்கு இறங்கும். ஆடினால் போச்சு. தன் காலரின் உட்புறம் நூல் கோத்தபடியே செருகி வைத்திருக்கும் ஊசி வெளியே வந்துவிடும். "அசையாத" என்பார். சட்டைக்குள் இருப்பவர் தபால்காரராக இருக்கட்டும், வங்கி மேலாளராக இருக்கட்டும், நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். துளைக்கு ஒன்றாக நான்கு தையல், அடியில் மூன்று சுற்று, கடைசியில் பல்லால் ஒரு கடி. மொத்தம் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் அக்கா கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் தப்பித்தவர் கிடையாது. நெஞ்சுக்கு நேராக ஊசி ஏறி இறங்கும்போது யாருக்கும் பொய் சட்டென்று வாயில் வருவதில்லை.

ஓவியக்காரி அந்தத் தெருவில் வந்து இறங்கிய அன்று அவள் சட்டையில் இரண்டு பொத்தான்கள் ஆடிக்கொண்டிருந்தன. அதனால் அக்காவுக்கு நான்கு நிமிடம் கிடைத்தது.

"எங்கேருந்து வர்ற?"

"சிட்டிலேருந்து."

"ஏன்?"

"வாடகை கட்டுப்படியாகல."

"அது ஊர் உலகத்துக்கே கட்டுப்படியாகல. நீ இங்க ஏன் வந்த?"

"படம் வரைய இடம் வேணும்."

"இப்ப எங்க வரையற?"

"வாஷிங் மெஷின் மேல பலகை போட்டு."

ஊசி பாதி வழியில் நின்றது. "அது ஓடும்போதா?"

"ஓடும்போது வரையறத நிறுத்திடுவேன்."

"மெஷினை நிறுத்த வேண்டியதுதான?"

"மெஷின் ஹவுஸ் ஓனரோடது."

அக்கா சிரித்ததில் ஊசி லேசாகக் குத்திவிட்டது. "பாத்தியா, நீ சிரிக்க வச்சு நீயே குத்து வாங்கிக்கற" என்று அதற்கும் அவளையே திட்டினார்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. பெருநகரத்தில் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. பகலில் ஒரு விளம்பர அலுவலகத்தில் அடுத்தவர் சொன்ன வண்ணத்தை அடுத்தவர் சொன்ன இடத்தில் போடும் வேலை. அந்த அலுவலகமும் மூடியாகிவிட்டது. அறையின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. இந்தத் தெருவைப் பற்றிச் சொன்னவர், அவள் படங்களுக்கு எப்போதாவது சட்டம் போட்டுத் தரும் கடைக்காரர். "அங்க ஒரு அம்மா இருக்காங்க. சாவி எல்லாம் அவங்ககிட்டதான். சட்டையில பொத்தான் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துட்டுப் போ" என்றார். கடைசி வாக்கியத்தை அவள் கிண்டல் என்று நினைத்துவிட்டாள்.

இன்னொரு பக்கம் அவளுடைய அண்ணன். டைல்ஸ் கடை வைத்திருந்தார். கடையில் வரவேற்பு மேசைக்கு ஆள் தேவை. தங்குவதற்கு மாடி அறை, மூன்று வேளைச் சாப்பாடு அண்ணி கையால். பாசமாகத்தான் கூப்பிட்டார். ஆனால் அந்த மாடி அறையில் ஏற்கெனவே டைல்ஸ் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அங்கே போனால் வரைவது முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். முடிந்தது என்று யாரும் அறிவிக்க மாட்டார்கள். பெட்டிகளுக்கு நடுவே ஒரு கட்டில் போடுவார்கள், அவ்வளவுதான்.

"ஒண்ணாம் தேதிக்குள்ள சொல்லிடு" என்றிருந்தார் அண்ணன். "நாப்பது வயசுல ஊர் ஊரா ரூம் தேடிட்டுத் திரியற. கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"தங்கச்சி டூர் போயிருக்கான்னு சொல்லு."

"பத்து வருஷமா டூரா?"

ஒன்றாம் தேதிக்கு இருபத்தைந்து நாள் இருந்தது.

தெரு ஒன்றும் பார்த்தவுடன் மனதை அள்ளுகிற தெரு அல்ல. ஒரு முனையில் மூன்று மாடிப் பொத்தான் தொழிற்சாலை, ஜன்னல்களில் பலகை அறைந்து கிடந்தது. அதன் எதிரே ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு வரிசையாக நாற்பத்திரண்டு வீடுகள். ஒவ்வொன்றிலும் முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, சமையலறை, துணி காயப்போடக் கைக்குட்டை அளவு முற்றம். மறு முனையில் பேக்கரி. அதைத் தாண்டினால் பேருந்து நிறுத்தம். தொழிற்சாலையை மூடியபோது வீடுகளைக் குடியிருந்த தொழிலாளிகளுக்கே சொற்ப விலைக்கு விற்றுவிட்டார்கள். வீடு கிடைத்தது, வேலை போய்விட்டது. ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. கிளம்புகிறவர்கள் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். "நீங்க இங்கதான இருப்பீங்க?" என்று கேட்டுக் கேட்டுத்தான் அக்கா அங்கேயே இருக்கும்படி ஆனது.

இருபத்திரண்டு வருடம் அவர் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர். ஓடும் பட்டையில் பொத்தான்கள் வந்துகொண்டே இருக்கும். கோணல் துளை, விளிம்பு உடைசல், நிற மாற்றம் உள்ளதை மட்டும் விரலால் சுண்டிவிட வேண்டும். மற்ற பெண்கள் பட்டையையே முறைத்துப் பார்ப்பார்களாம். அக்கா பக்கத்தில் இருப்பவளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே சுண்டுவார். தவறியதே இல்லை என்று பேக்கரிக்காரர் சத்தியம் செய்வார். அவரும் அந்தத் தொழிற்சாலையில் இருந்தவர்தான்.

ஆள் இல்லாத வீடுகளை அக்கா சும்மா பூட்டி வைக்கவில்லை. வாரம் ஒரு தரம் ஒவ்வொன்றையும் திறந்து ஜன்னலைத் தட்டி விரித்து, குழாயைத் திருகித் தண்ணீர் ஓடவிட்டு, பெருக்கிவிட்டு வருவார். யாரும் சொல்லவில்லை, யாரும் சம்பளமும் தரவில்லை. ஒரு நாள் ஒரு சிற்பி கிடங்கு தேடிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். கல்லையும் மண்ணையும் போட இடம் வேண்டும், சத்தம் போட்டால் யாரும் சண்டைக்கு வரக்கூடாது என்றார். "சத்தம் போடுங்க, கேக்க ஆளே இல்லாம தெரு செத்துக் கிடக்குது" என்று அக்கா மூன்றாம் எண் வீட்டைத் திறந்துவிட்டார். வீட்டுக்காரரிடம் போனில் பேசி வாடகையையும் அவரே முடிவு செய்தார். பெருநகரத்தில் ஒரு மாதத்துக்குக் கொடுப்பது இங்கே ஒரு வருடத்துக்குப் போதும். சிற்பி தன் சிநேகிதக் குயவரைக் கூட்டிவந்தார். குயவர் மரக்கட்டையில் செதுக்கிப் படம் அச்சடிக்கும் ஒரு பெண்ணுக்குச் சொல்லி அனுப்பினார். அப்படி அப்படியே ஒன்பது வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கியது.

"உங்களுக்கு ஓவியம் சிற்பம்னா ரொம்பப் பிடிக்குமா அக்கா?" என்று முதல் வாரத்தில் ஓவியக்காரி கேட்டாள்.

"எனக்கு எதுல மேல் பக்கம் எது கீழ்ப் பக்கம்னே தெரியாது" என்றார் அக்கா. "தெருவுல ஆள் இருந்தா பேக்கரி திறந்திருக்கும். பேக்கரி திறந்திருந்தா பஸ்ஸுக்கு ஆள் ஏறும். ஆள் ஏறினா பஸ் வரும். பஸ் வந்தா நான் முட்டிவலிக்கு ஆஸ்பத்திரி போகலாம். அவ்வளவுதான் விஷயம். நீ பெருசா ஒண்ணும் கற்பனை பண்ணிக்காத."

புதிதாக வருபவருக்கு அந்தத் தெருவில் ஒரு முறை இருந்தது. முதல் இருபத்தோரு நாள் கடைசி வீட்டில் தங்கலாம், வாடகை இல்லை. ஆனால் தன் வேலையைச் செய்யக் கூடாது. ஒன்பது வீட்டுக்கும் இரண்டிரண்டு நாள் போய், அங்கே இருக்கிற ஆக அலுப்பான வேலையைச் செய்ய வேண்டும். களிமண்ணில் கல் பொறுக்குவது, காகிதத்தை ஈரமாக்கி அடுக்குவது, மரத்தூள் அள்ளுவது. இருபத்தோராம் நாள் எல்லோரும் கூடி ஆளுக்கொரு பொத்தான் போடுவார்கள். வெள்ளைப் பொத்தான் என்றால் இருக்கட்டும், கறுப்பு என்றால் வேண்டாம். பெரும்பான்மை எதுவோ அதுதான்.

முறை அக்கா கொண்டுவந்ததல்ல. இரண்டாம் வருடம் வந்த ஒரு கண்ணாடி வேலைக்காரர் கோபத்தில் அடுத்த வீட்டுக் கதவில் சுத்தியலை எறிந்து, இரண்டு குடும்பங்களைத் துரத்திவிட்டுத் தானும் போய்ச்சேர்ந்தார். அதற்குப் பிறகு அச்சுக்காரிதான் பிடிவாதமாக நின்றாள்: யாரை விடுவது என்று எங்களையும் கேட்க வேண்டும். அக்கா ஒப்புக்கொண்டு இரண்டு நிபந்தனை போட்டார். பொத்தான் போடும் டப்பா என் கையில் இருக்கும், எத்தனை வெள்ளை, எத்தனை கறுப்பு என்று யாரும் கேட்கக் கூடாது. எந்தப் பொத்தான் போட்டேன் என்று வெளியே பேசுகிறவர்களுக்கு வாடகை ஏறும்.

"என் படங்கள யாரும் பாக்கவே மாட்டாங்களா?" ஓவியக்காரிக்கு அதில்தான் மனசு அடித்துக்கொண்டது. சுருட்டி எடுத்து வந்த பதினாறு படங்கள் கட்டிலுக்கடியில் கிடந்தன.

"பாப்பாங்க, பாப்பாங்க. நல்லா வரையறவங்க நிறைய பேரு இருக்காங்கம்மா. பக்கத்து வீட்ல இருக்கத் தெரிஞ்சவங்கதான் ரொம்பக் கம்மி" என்றபடி அக்கா அவள் சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார். அது அவருடைய கெட்ட குணம். யார் வீட்டிலும் கேட்காமல் மூடியைத் திறப்பார். காலை ஆறு மணிக்கு எல்லார் கதவையும் தட்டி, குழாய் சொட்டுகிறதா என்று கேட்பார். ஒரு கவிஞர் மூன்றாவது வாரமே இதற்குப் பயந்து ஓடியதாகச் சொல்வார்கள்.

முதல் பத்து நாள் நன்றாகவே போயிற்று. குயவர் வீட்டில் கல் பொறுக்கினாள். அச்சுக்காரி வீட்டில் காகிதம் அடுக்கினாள். அச்சுக்காரி இரண்டு நாளில் மொத்தம் பதினைந்து வார்த்தை பேசினாள், அதில் ஒன்பது 'இல்ல'. பத்தாம் நாள் மாலை சிற்பியின் முறை வந்தது.

சிற்பி வாய் ஓயாத மனிதர். அறுபது வயது. உளியை விட நாக்கு கூர்மை என்பது தெருவின் அபிப்பிராயம். அப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்காக, ஓய்வுபெறப் போகும் தலைமை ஆசிரியையின் தலையைக் களிமண்ணில் செய்து முடித்திருந்தார். மூன்று வார வேலை. அடுத்தது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சாந்தில் அச்சு எடுக்க வேண்டும். சாந்து வாங்க இரண்டு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது.

"வாங்க பெயிண்ட் அம்மா. இவங்கதான் எங்க டீச்சர். ரெண்டு நாள் நல்லா பாத்துக்கோங்க. பேச மாட்டாங்க, அடிக்க மாட்டாங்க" என்று, ஈரத்துணியும் அதன் மேல் பிளாஸ்டிக் தாளும் சுற்றிய தலையைக் காட்டிவிட்டுப் பேருந்து ஏறினார்.

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. எப்படி என்று அவளும் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. இருபது வருடமாக எண்ணெய் வண்ணத்தில் வரைகிறவள் அவள். அவளுக்கு ஈரம்தான் எதிரி. ஈரமான படத்தில் தூசி ஒட்டும், சட்டை உரசும், மழைக்காலத்தில் பூஞ்சை பூக்கும். பெருநகர அறையில் மூன்று படங்களை அப்படித்தான் பறிகொடுத்தாள். காய்ந்தால்தான் ஒரு படம் பிழைத்தது என்று அர்த்தம்.

அதனால் காலையில் வந்ததும் அந்தப் பிளாஸ்டிக் தாளைப் பார்த்துப் பதறிவிட்டாள். உள்ளே துணி சொதசொதவென்றிருந்தது. பாவம் மனிதர், அவசரத்தில் மூடிவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்தாள். தாளை எடுத்தாள். துணியை இதழ் இதழாகப் பிரித்தாள், மூக்கில் படாமல், காதில் படாமல், அவ்வளவு பொறுமையாக. இரண்டு ஜன்னல்களையும் திறந்தாள். அது போதாதென்று தன் வீட்டிலிருந்து மேசை விசிறியைத் தூக்கிவந்து தலைக்கு நேரே வைத்தாள். பிறகு தரையைக் கழுவி, உளிகளைத் துடைத்து வரிசையாக அடுக்கினாள். அன்று அவளுக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

மறுநாள் மாலை சிற்பி சாந்து மூட்டையோடு உள்ளே வந்தார். தலைமை ஆசிரியையின் நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. கழுத்தில் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி வெளியே எட்டிப் பார்த்தது. இடது காது மேசையில் கிடந்தது. மண் காயும்போது சுருங்கும், கம்பி சுருங்காது. அச்சு எடுக்கும் வரை மண்ணுக்கு ஈரம்தான் உயிர். இது அந்தத் தெருவில் பேக்கரிக்காரருக்குக்கூடத் தெரியும்.

சிற்பி எதுவும் பேசவில்லை. பேசாத சிற்பியை அதுவரை யாரும் பார்த்ததில்லை. வாசலில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

"யாரு திறந்தது?" என்றார் கடைசியில்.

"நான்தான். ஈரமா இருந்துச்சு. காயட்டும்னு…"

"காயட்டும்னு" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு விசிறியைப் பார்த்தார். "ஃபேன் வேற."

அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தலையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "ரிட்டயர் ஆகறப்ப எல்லா டீச்சரும் இப்படித்தான் இருப்பாங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அச்சுக்காரி திரும்பிப் போய்விட்டாள்.

அன்றைக்கு அவள் கடைசி வீட்டில் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்துத் துணியை மடிக்க ஆரம்பித்தாள். அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அந்த வேலைக்கு ஆள் போட்டாச்சாண்ணே?"

"இன்னும் இல்ல. ஏன், டூர் முடிஞ்சுதா?"

"ஒருத்தரோட மூணு வார வேலைய நாசம் பண்ணிட்டேன்."

அண்ணனும் ஒரு காலத்தில் கடைக்கு வந்த முதல் லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லி அறுபது பெட்டியை நொறுக்கியவர். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அக்கா வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நிற்கிறார்.

"கிளம்பறியா?"

"வேற என்ன செய்யட்டும் அக்கா? அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"கடைசி பஸ் போயிடுச்சு. அடுத்தது காலைல ஏழு மணிக்கு. அதுவரைக்கும் சும்மாதான இருக்கப்போற? வா, மண்ணை உடைச்சு ஊறப் போடு. காஞ்ச மண்ணு தண்ணில போட்டா திரும்பி வந்துரும். மனுசங்கதான் கொஞ்சம் நேரம் எடுப்பாங்க."

சிற்பியின் பட்டறையில் அவர் இல்லை. அவர் போய்ப் படுத்துவிட்டார். அக்கா ஒரு தொட்டியைக் காட்டினார். அவள் தலைமை ஆசிரியையைத் தன் கையாலேயே உடைத்தாள். கன்னம், மூக்கு, வெடித்த நெற்றி எல்லாம் தண்ணீருக்குள் போயிற்று. மண் சின்னச் சின்னக் குமிழ் விட்டுச் சரிந்து கூழானது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பழைய பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டிருந்தார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உதவிக்கு ஒரு கைகூட நீட்டவில்லை. ஆனால் வேலை முடியும் வரை எழுந்தும் போகவில்லை.

காலை ஏழு மணிப் பேருந்து போனது. அவள் மண் பிசைந்துகொண்டிருந்தாள்.

சிற்பி வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கம்பியை நிமிர்த்தி, பிசைந்த மண்ணை எடுத்து அப்ப ஆரம்பித்தார். அவள் மணிக்கொரு தரம் துணியை நனைத்துப் பிழிந்து கொடுத்தாள். மதியம் மற்ற வீடுகளின் முறைக்குப் போய்விட்டு ஓடி வந்து மறுபடி நனைத்தாள். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் "தண்ணி" என்றார். நான்காம் நாள் "தண்ணி கொஞ்சமா" என்றார். ஐந்தாம் நாள் காலையில் அவர் குரல் தெரு முழுக்கக் கேட்டது: "துணியப் பிழிங்கன்னா துணியப் பிழியணும், கழுத்த நெரிக்கற மாதிரி பிடிக்கக் கூடாது! பெயிண்ட் அடிக்கற கையா அது, புண்ணாக்கு அள்ளற கையா?" பேக்கரிக்காரர் வெளியே வந்து, "அப்பாடா, வாய் திறந்துட்டாரு" என்று உள்ளே இருப்பவர்களிடம் சொன்னார்.

எட்டாம் நாள் சாந்து அச்சு எடுத்தார்கள். இரண்டாவது தலை முதல் தலையை விட நன்றாக வந்திருப்பதாகக் குயவர் சொன்னார். சிற்பி அதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

இருபத்தோராம் நாள் காலை அக்காவின் முற்றத்தில் கூடினார்கள். தட்டில் ஒரு பக்கம் வெள்ளைப் பொத்தான், மறு பக்கம் கறுப்பு. பேக்கரியிலிருந்து வந்த காலி பிஸ்கட் டப்பா, மூடியில் ஒரு வெட்டு. கதவுக்குப் பின்னால் போய் ஆளுக்கொன்று போட்டுவிட்டு வந்தார்கள். ஒவ்வொரு பொத்தானும் தகரத்தில் விழும் சத்தம் முற்றத்தில் கேட்டது. கறுப்பும் வெள்ளையும் ஒரே சத்தம்தான். அவள் குழாயடியில் நின்று ஒன்பதையும் கேட்டாள். அச்சுக்காரி போட்டுவிட்டு வரும்போது அவளைப் பார்க்கவில்லை. சிற்பி ரொம்ப நேரம் கதவுக்குப் பின்னால் இருந்தார். கடைசியாக அவரே, வழக்கம்போல, மூடியின் வெட்டையும் விளிம்பையும் சேர்த்துக் காகிதப் பட்டை ஒட்டி, ஈரப் பசையில் தன் கட்டைவிரலை அழுத்தி முத்திரை வைத்தார்.

அக்கா டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே தண்ணீர் ஓடியது. பாத்திரம் ஒன்று உருண்டது. கால்மணி நேரம் இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"சாமான எடுத்துட்டு வா" என்றார் அவளைப் பார்த்து. "கடைசி வீடு அடுத்து வர்றவங்களுக்கு. உனக்கு ஏழாம் நம்பர். வடக்கால ஜன்னல் பெருசு. குழாய் மட்டும் கொஞ்சம் சொட்டும்."

அவள் அழவில்லை. குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். குயவர்தான் முதலில் கை தட்டினார். அன்று அண்ணனுக்குப் போன் செய்தபோது அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொத்தான் போட்டு ஆள் எடுக்கறாங்களா? பைத்தியக்கார ஊரா இருக்கும் போல" என்றார். அடுத்த மாதம் முன்னறைத் தரைக்கு டைல்ஸ் அனுப்பி வைத்தார், மூன்று வண்ணத்தில், கடையில் மிச்சம் கிடந்தது.

ஆறு வருடம் ஓடிற்று. சிற்பியின் மனசு எவ்வளவு பெரியது என்று அவள் நினைத்து நினைத்துப் பார்ப்பாள். அன்றைக்கு அவர் வெள்ளை போட்டிருந்தால்தான் அவள் இங்கே இருக்க முடியும் என்பது அவள் கணக்கு. ஒரு முறை கேட்டேவிட்டாள். "அதப் பத்திக் கேக்காதீங்க பெயிண்ட் அம்மா, வாடகை ஏறும்" என்றார்.

அவளும் பொத்தான் போடுகிறவர்களில் ஒருத்தியானாள். ஒரு தடவை டிரம் வாசிக்கிற ஒருவர் வந்தார். அவருக்கு எட்டாம் எண் வீடு, அதாவது அவளுடைய சுவருக்கு அந்தப் பக்கம். அவள் கதவுக்குப் பின்னால் நின்று கறுப்பை எடுத்துப் போட்டாள். அக்கா உள்ளே போனார், வந்தார், "சாமான எடுத்துட்டு வா" என்றார். அந்த டிரம்காரர் வாசிக்கும் நேரத்தை அவளிடம் கேட்டுத்தான் வைத்துக்கொண்டார். அடுத்த மழையில் அவள் கூரை ஒழுகியபோது அவள் சொல்வதற்கு முன்பே மேலே ஏறியிருந்தார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. மற்றவர்கள் எல்லாம் தன்னை விட நல்லவர்கள், அதனால்தான் தன் கறுப்பு தோற்றது என்று நினைத்துக்கொண்டாள். சிற்பி வெளியூர்க்காரர்களிடம் எப்போதும் பெருமையாகச் சொல்வார்: "பதினாலு பேருக்குப் பொத்தான் போட்டிருக்கோம். ஒருத்தரையும் வேணாம்னு சொன்னதில்ல இந்தத் தெரு."

போன வருடம் அக்கா முட்டி அறுவை சிகிச்சைக்காக மகள் வீட்டுக்குப் போனார். நாற்பத்திரண்டில் இருபது வீடுகளில் அப்போது விளக்கு எரிந்தது. மிச்சச் சாவிகளை ஓவியக்காரியிடம் கொடுத்து, வாரம் ஒரு தரம் குழாயைத் திறந்துவிடச் சொல்லியிருந்தார். நான்காம் நாள் போன் வந்தது.

"அலமாரி மேல் தட்டுல டாக்டர் ஃபைல விட்டுட்டு வந்துட்டேன். எடுத்து அனுப்பு. மத்தத ஒண்ணும் கிளறாத."

"நீங்க எங்க வீட்டுப் பாத்திரத்தக் கிளறலாமா?"

"அது பசிக்குது, கிளறறேன். நீ ஃபைல எடு."

ஸ்டூல் போட்டு ஏறினாள். ஃபைல் பின்னால் தள்ளிப் போயிருந்தது. அதை எடுக்க முன்னால் இருந்த பிஸ்கட் டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் பென்சிலால் வீட்டு எண் எழுதியிருந்தது. எட்டு. பன்னிரண்டு. ஏழு. இறக்கும்போது உள்ளே பொத்தான்கள் உருண்டன. மொத்தம் பதினான்கு டப்பாக்கள். எல்லா மூடியிலும் சிற்பி ஒட்டிய காகிதப் பட்டை பழுத்துப்போய் அப்படியே இருந்தது, மேலே அவருடைய கட்டைவிரல் ரேகையோடு. ஒன்றுகூடக் கிழிந்திருக்கவில்லை.